காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ளாத மனிதர்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தில் அமைத்து எழுதாதவர்கள் இருக்க முடியாது. கல்லூரிக்கு வந்ததும் இதே பழமொழி கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு மறுபடி வரும். பிராண்ட் பில்டிங் என்பார்கள். மார்க்கெட் லீடர் என்பார்கள். ‘உனக்குத் தெரிந்ததை விட்டு விலகாதே’ என்பார்கள். எல்லாவற்றுக்கும் சாராம்சம் ஒன்றுதான். ஒரு விஷயத்தில் பெயர் கிடைத்துவிட்டதா? அதையே பிடித்துக்கொள். அரைத்த மாவாக இருந்தாலும் பரவாயில்லை, இட்லி விற்கிறவரை அரைத்துக்கொண்டே இரு.

இந்த அறிவுரையை ஒரு மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இத்தனைக்கும் அவர் தொழிலே காற்று ஊதுவதுதான்! பெயர் பார்னி விலென். பிரான்ஸ் நாட்டு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். 1937ல் பிறந்து 1996ல் இறந்துபோனார். ஜாஸ் பைத்தியங்களைத் தவிர மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத பெயர். ஆனால் இருபது வயதில் ‘என்ன வேலை, என்ன கேரியர்’ என்று மண்டையைக் குடைந்துகொள்கிறவர்கள் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

தன்னம்பிக்கைக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ‘உழைத்தார், உயர்ந்தார்’ வகையறா இதில் சுத்தமாகக் கிடையாது. உயர்ந்தார், இறங்கினார், காணாமல் போனார், திரும்பி வந்தார். இதில் எதை வரவில் வைப்பது, எதைச் செலவில் வைப்பது என்பதுதான் கேள்வியே.

*

முதலில் வரவுப் பக்கம்.

பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிற நீஸ் நகரத்தில் பிறந்தவர் பார்னி. அப்பா அமெரிக்கர், அம்மா பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் குடும்பம் அமெரிக்கா போனது. போர் முடிந்ததும் திரும்பி வந்தது. பையனுக்கு சாக்ஸபோன் பிடித்திருந்தது. ‘இதையே தொழிலாக வைத்துக்கொள்’ என்று சொன்னது யார் தெரியுமா? அம்மாவின் நண்பரான பிளேஸ் சாந்த்ரார் என்ற கவிஞர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், அதன் பிறகும் ஊர் ஊராகச் சுற்றியவர். பின்னாளில் பார்னியே சொன்ன தகவல் இது. கேரியர் கவுன்சலிங்குக்கு ஒரு நாடோடிக் கவிஞர் வாய்த்தால் பையன் எப்படி உருப்படுவான் என்று கேட்கலாம் :-) பொறுங்கள், மேலே போவோம்.

பாரிஸுக்கு வந்தார். 1957ல் ‘டில்ட்’ என்ற முதல் இசைத்தட்டு வெளியானது. அதில் தெலோனியஸ் மங்க் என்ற அமெரிக்க பியானோ மேதையின் மெட்டுகளை எடுத்து வாசித்திருந்தார். மங்க்கின் மெட்டுகள் அன்றைக்கு அமெரிக்காவிலேயே பலருக்குப் பிடிபடாதவை. கோணல்மாணலான தாளம், எதிர்பாராத இடத்தில் நிறுத்தம். பத்தொன்பது, இருபது வயதுப் பையன் தொடுகிற சரக்கே இல்லை.

அதே 1957 நவம்பர் கடைசியில் மைல்ஸ் டேவிஸ் பாரிஸுக்கு வந்தார். டிரம்பெட் உலகின் சூப்பர் ஸ்டார். தன் அமெரிக்கக் குழுவை அழைத்துவரவில்லை, பாரிஸிலேயே இருந்தவர்களோடு வாசித்தார். பியானோவில் ரெனே உர்த்ரெஜே, பாஸில் பியர் மிஷ்லோ, டிரம்ஸில் பாரிஸில் குடியேறியிருந்த அமெரிக்கர் கென்னி கிளார்க். சாக்ஸபோனில் பார்னி.

அப்போது லூயி மால் என்ற 25 வயது இயக்குநர் தன் முதல் கதைப்படத்தை முடித்துவிட்டு இசைக்காக அலைந்துகொண்டிருந்தார். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’. முதலாளியைக் கொன்றுவிட்டு வெளியேறும் ஒருவன், மறந்துபோய் விட்டுவந்த கயிற்றை எடுக்கத் திரும்பிப் போகிறான். காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட, லிஃப்ட்டில் நடுவழியில் மாட்டிக்கொள்கிறான். அவனைத் தேடிக்கொண்டு காதலி (ழான் மொரோ) இரவு முழுக்க பாரிஸ் தெருக்களில் நடக்கிறாள். அந்த நடைக்கு இசை வேண்டும்.

1957 டிசம்பர் 4ஆம் தேதி இரவு. ஸ்டூடியோவில் படத்தின் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். மைல்ஸும் மற்ற நால்வரும் திரையைப் பார்த்தபடியே வாசித்தார்கள். முழுதாக எழுதிவைத்த இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. படம் 1958 ஜனவரியில் வெளியானது. சினிமாவில் ஜாஸ் என்ற பேச்சு வந்தாலே இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்கிற இசை அது. மைல்ஸின் டிரம்பெட்தான் அதில் ராஜா. பார்னியின் சாக்ஸபோன் சில இடங்களில் மட்டும்தான் வரும். ஆனாலும் பெயர் பெயர்தானே? 20 வயதில் மைல்ஸ் டேவிஸ் பக்கத்தில் நின்றவன்!

அதற்குப் பிறகு லிஃப்ட் கிடுகிடுவென்று மேலே போனது. 1958ல் ‘ஜாஸ் சூர் சென்’ என்ற இசைத்தட்டு. சென் நதிக்கரை ஜாஸ் என்று அர்த்தம். சார்ல் ட்ரெனே போன்றவர்களின் பிரெஞ்சுப் பாடல்களையும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் மெட்டுகளையும் எடுத்து வாசித்தார். கூட வாசித்தவர்கள் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் மில்ட் ஜாக்சனும் பெர்சி ஹீத்தும். 1959ல் எதுவார் மொலினாரோவின் ‘நகரத்தில் ஒரு சாட்சி’ படத்துக்கு இசையமைத்தார். அதே வருடம் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டோஷிகோ அகியோஷியோடு மேடையேறினார். ஜூலையில் நியூயார்க்கில், ரோஜே வாதிமின் ‘ஆபத்தான உறவுகள்’ படத்துக்காக மங்க் குழுவோடும் ஆர்ட் பிளேக்கி குழுவோடும் ஒலிப்பதிவு. எந்த மங்க்கின் மெட்டுகளை இரண்டு வருடம் முன்பு பாரிஸில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாரோ, அதே மங்க்கின் பக்கத்தில் நின்று வாசித்தார்.

அப்போது வயது 22. நம்மூர்க் கணக்கில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு ரெஸ்யூமே எழுதுகிற வயது.

*

இந்த இடத்தில் ஒரு மேனேஜ்மென்ட் ஆசாமியைக் கூப்பிட்டு ‘இனி என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. வருடத்துக்கு ஒரு படம், இரண்டு இசைத்தட்டு, கோடையில் விழாக்கள், அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம். பதினைந்து வருடம் இப்படியே போனால் ஐரோப்பாவின் நம்பர் ஒன்.

பார்னி என்ன செய்தார்? 1960களின் முதல் பாதியில் அவர் பெயரில் குறிப்பிடும்படியான இசைத்தட்டே இல்லை. 1966ல் ‘ஸோடியாக்’ என்று ஒன்று வந்தது. ராசிகளை வைத்துச் செய்த இசை. கட்டுப்பாடில்லாத, ராகமும் தாளமும் வரம்பு தாண்டி ஓடுகிற ‘ஃப்ரீ ஜாஸ்’. பழைய ரசிகர் அதைப் போட்டுக் கேட்டிருந்தால் இசைத்தட்டு மாறிவிட்டதோ என்று உறையை இன்னொரு முறை பார்த்திருப்பார்.

அடுத்தது இன்னும் விசேஷம். 1967 மே மாதம் மொனாக்கோ கார் பந்தயம். நீஸிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போய் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் கார்களின் சத்தத்தைப் பதிவு செய்தார். அந்தப் பந்தயத்தில்தான் ஃபெராரி ஓட்டிய இத்தாலிய வீரர் லோரென்சோ பாண்டினி விபத்தில் சிக்கித் தீக்காயங்களோடு மூன்று நாள் கழித்து இறந்துபோனார். பார்னி அந்த ஒலிநாடாவை ஓடவிட்டு, அதன்மேல் ஒரு நால்வர் குழுவோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பாண்டினியின் பெயரையே தலைப்பில் வைத்தார். இன்ஜின்களின் உறுமலுக்கும் சாக்ஸபோனுக்கும் நடக்கிற சண்டை அது. கேட்பதற்குச் சுகமாக இருக்காது. சுகமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

1968ல் ராக் பக்கம் தாவினார். எல்.எஸ்.டி. புகழ் டிமோத்தி லியரிக்குக் கடிதம் எழுதுவது போலத் தலைப்பு வைத்து, பீட்டில்ஸ் பாட்டையும் ஆர்னெட் கோல்மன் மெட்டையும் ஒரே தட்டில் பரிமாறினார். பிறகு ஆப்பிரிக்கா. கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, நண்பர்கள், இசைக்கலைஞர்கள் என்று ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு கிளம்பினார். 1968 மே போராட்டப் புகைப்படத்தில் கொடி பிடித்து உலகப் புகழ் பெற்ற கரோலின் டி பெண்டெர்ன் படம் எடுக்க உடன் போனார். நைஜர், மாலி என்று சுற்றி, ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் பாரிஸ் திரும்பினார்கள். அங்கே பதிவு செய்த குரல்கள், தாளங்கள், தெருச் சத்தம் எல்லாவற்றோடும் கலந்து 1972ல் ‘மோஷி’ என்ற இரட்டை இசைத்தட்டு வந்தது.

அதற்கப்புறம்? கிட்டத்தட்ட சீனிலேயே இல்லை. நடுவில் பங்க் ராக் பையன்களோடு கூட வாசித்திருக்கிறார். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர், பங்க் பையன்களோடு! மேனேஜ்மென்ட் ஆசாமி இந்நேரம் மயங்கி விழுந்திருப்பார்.

*

ஆக, இது ஒரு வீணடித்த வாழ்க்கையா? விமர்சகர்கள் பலர் பார்னியைப் பற்றி எழுதும்போது ஒரு ரெடிமேட் சட்டையை மாட்டிவிடுவார்கள். ‘இளம் மேதை, தொலைந்துபோன வருடங்கள், மறுவருகை.’ கச்சிதமான மூன்று அங்க நாடகம். நடு அங்கத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை, இடைவேளை மாதிரி எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சட்டை அவருக்குப் பொருந்தாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், சந்தை. ‘காற்றுள்ளபோதே’ என்கிற பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. காற்று எந்த நேரமும் திசை மாறும். 1959ல் பாரிஸில் ஜாஸுக்கு அடித்தது சூறைக்காற்று. அதே 1959ல் ஐரோப்பா-1 வானொலியில் ‘சல்யூ லே கொப்பேன்’ என்று இளைஞர்களுக்கான ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ராக் அண்ட் ரோல், அதன் பிரெஞ்சு வடிவமான ‘யே-யே’ பாட்டுகள். வேடிக்கை என்னவென்றால் அதைத் தொடங்கி நடத்திய தானியேல் ஃபிலிப்பாக்கி, அதே வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவர். காற்று திரும்புவது அவருக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிட்டது. 1963 ஜூன் 22ஆம் தேதி அந்த நிகழ்ச்சியின் பெயரில் பாரிஸில் ஒரு இலவசக் கச்சேரி நடந்தது. ஒன்றரை லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. அவ்வளவுதான். பதின்வயதுக் கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த டிசம்பர் இரவில் பார்னியோடு வாசித்த பியானோக்காரர் உர்த்ரெஜே ஞாபகம் இருக்கிறதா? அறுபதுகளில் அவர் கிளாட் ஃபிரான்ஸ்வா என்ற பாப் பாடகரின் குழுவில் வாசிக்கப் போனார். மைல்ஸோடு வாசித்த விரல்கள் வருடக்கணக்கில் பாப் பாட்டுக்குப் பின்னணி வாசித்தன. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அடுப்பு எரிய வேண்டுமே. பிற்பாடு அவரும் ஜாஸுக்குத் திரும்பினார். இதில் கவனிக்க வேண்டியது வேறு. ‘ஒழுங்காக ஜாஸையே பிடித்துக்கொண்டிருந்தால் பார்னி ராஜாவாக இருந்திருப்பார்’ என்கிற வாதம், பிடித்துக்கொள்ள அங்கே ஜாஸ் சந்தை இருந்தது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. அது அவர் காலடியிலேயே கரைந்துகொண்டிருந்தது. மேலே போகிற லிஃப்ட்டில் அசையாமல் நின்றால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் படத்தின் கதையே காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

இரண்டாவது காரணம், கணக்கு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மார்ச் 31 வந்தால் ஏட்டை மூடி, இலாப நட்டக் கணக்கு போட்டு, இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்க வேண்டும். வருடா வருடம் கணக்கை மூடுகிற இந்தப் பழக்கம் ஆதியிலிருந்து வந்தது கிடையாது. பழைய கடல் வணிகர்கள் ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு என்றுதான் வைத்தார்கள். கப்பல் கிளம்பும்போது ஏடு திறக்கும். கப்பல் திரும்பி, சரக்கு விற்று, பங்காளிகளுக்குப் பணம் பிரித்த பிறகுதான் ஏடு மூடும். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் கூட்டு வினைக் கணக்கு என்ற தலைப்பில் அதன் வாசனை மிச்சம் இருக்கிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது ‘இந்த வருடம் இலாபமா, நட்டமா?’ என்று கேட்டால் அந்த வணிகர் சிரிப்பார்.

பார்னியின் 1966 முதல் 1972 வரையான வருடங்களை ஆண்டுக் கணக்காகப் போட்டால் நட்டம். சந்தேகமே இல்லை. பயணக் கணக்காகப் போட்டால் ஏடு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. சரக்கு எப்போது கரைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

*

வந்தது, 1987ல். அதுவும் யாரும் நினைக்காத துறைமுகத்தில்.

ஜாக் தெ லுஸ்தால் என்ற ஓவியரும் ஃபிலிப் பாரின்கோ என்ற எழுத்தாளரும் சேர்ந்து ‘பார்னியும் நீலச் சுரமும்’ என்று ஒரு காமிக்ஸ் செய்தார்கள். பிரான்சில் காமிக்ஸ் என்றால் குழந்தைகள் சமாசாரம் கிடையாது, பெரியவர்கள் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கிற இலக்கியம். ஐம்பதுகளில் புகழோடு வந்து காணாமல் போகிற சாக்ஸபோன் கலைஞன்தான் கதாநாயகன். பெயர் பார்னி. யாரைப் பார்த்து எழுதியது என்பது ஊருக்கே தெரியும். சம்பந்தப்பட்ட ஆள் உயிரோடு, ஐம்பது வயதில், கையில் சாக்ஸபோனோடு இருக்கிறார்!

வேறு யாராவது இருந்திருந்தால் வக்கீலைப் பார்த்திருப்பார்கள். பார்னி ஸ்டூடியோவுக்குப் போனார். அந்தக் காமிக்ஸுக்கு ஏற்ற இசையாக ‘நீலச் சுரம்’ என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். உறைக்கு லுஸ்தாலின் ஓவியம். பியானோவில் குவாதலூப் தீவிலிருந்து வந்த அலென் ழான்-மரி. தன்னைப் பற்றி மற்றவர்கள் கட்டிய கற்பனைக் கதைக்குத் தானே பின்னணி இசை வாசித்த ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

அதோடு திரும்பி வந்துவிட்டார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், ஊதின வாயும் அப்படித்தான் போலிருக்கிறது. அடுத்த ஒன்பது வருடத்தில் வரிசையாக இசைத்தட்டுகள். பிரெஞ்சுப் பாடல்களை மட்டும் எடுத்து ஒன்று. பிரெஞ்சு சினிமாப் பாடல்களை மால் வால்ட்ரனோடு ஒன்று. ஃபிலிப் கத்ரீனின் கிதாரோடு, டிரம்ஸே இல்லாமல் ‘சாங்சுவரி’. ஆப்பிரிக்க மலைத்தொடர் ஒன்றின் பெயரைத் தாங்கி ஒன்று. ஜப்பானிய ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 1994ல் கென்னி பாரனோடு செய்த ‘நியூயார்க் ரொமான்ஸ்’ ஒரு ஜப்பானியக் கம்பெனியின் தயாரிப்பு. 1996 மே 25 அன்று பாரிஸில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 59.

இங்கேதான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1958ல் அவர் வாசித்த பிரெஞ்சுப் பாடல்களில் கெட்டிக்காரத்தனம் இருக்கும். ‘பார், எவ்வளவு வேகமாக வாசிக்கிறேன், எவ்வளவு சுலபமாக வளைக்கிறேன்’ என்கிற இருபது வயதுத் துடிப்பு. அதில் தப்பில்லை, அது ஓர் அழகு. 1987க்குப் பிறகு அதே மாதிரிப் பாடல்களை வாசிக்கும்போது பாதி இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். ஒரு சுரத்தை எடுத்து, அது தானாக அடங்குகிறவரை காத்திருக்கிறார். மூச்சுச் சத்தம் கூட இசையோடு சேர்ந்து கேட்கிறது. கார் இன்ஜின்களோடு மல்லுக்கு நின்றவருக்கு, இரைச்சலின் கடைசி எல்லையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அமைதியில் நிரூபிக்க எதுவும் பாக்கி இல்லை. பதினைந்து வருடம் வருடத்துக்கு இரண்டு தட்டு என்று அரைத்துக்கொண்டே இருந்திருந்தால் இந்த மூச்சு வந்திருக்குமா? வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கேட்கிற காதுக்கு அந்தத் தொடர்பு கேட்கிறது. கப்பல் கொண்டுவந்த சரக்கு அதுதான்.

*

எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

‘இதெல்லாம் பாரிஸ் ஆசாமிக்குச் சரி. வீட்டுக்கு மூத்த பிள்ளை, கல்விக் கடன், தங்கை கல்யாணம் என்று இருக்கிறவன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்ப முடியுமா?’ முடியாது. நியாயமான கேள்வி. பார்னியைப் பார்த்து யாரும் வேலையை விட வேண்டியதில்லை. உர்த்ரெஜே சம்பளத்துக்கு வாசித்தார், பிறகு திரும்பினார். அதுவும் மரியாதையான பாதைதான். பார்னி கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது டிக்கெட்டோ விசாவோ இல்லை. பலன் தெரியாத வருடங்களை ‘வீண்’ என்று அவசரப்பட்டு முத்திரை குத்தாத புத்தி ஒன்றுதான். நண்பன் ஒருவன் சி.ஏ.வைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எதற்கோ படித்தால், ‘மூன்று வருடம் போச்சே’ என்று அவனுக்கு முன்னால் நாம் ஏட்டை மூடிவிடுகிறோம். நம் கப்பல் கூட இல்லை அது.

‘காமிக்ஸ் வராமல் போயிருந்தால்? வெறும் அதிர்ஷ்டம்தானே?’ அதிர்ஷ்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதே காலத்தில் ஒழுங்காக வாசித்து, ஒழுங்காகப் பணம் சம்பாதித்து, ஒழுங்காக ஓய்வு பெற்றவர்கள் இருக்கத்தானே செய்தார்கள்? அவர்களை வைத்து யாரும் காமிக்ஸ் போடவில்லை. கணக்கியலில் நற்பெயர் என்ற ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, கம்பெனியை விற்கும்போதுதான் அதன் விலை தெரியும். பார்னி காணாமல் போன வருடங்களில் அந்தச் சொத்து அவர் பேரேட்டில் அவருக்கே தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆட்சேபணைதான் கொஞ்சம் வலிக்கும். ‘25லிருந்து 45 வரை ஒரு கலைஞனின் உச்சகட்டம். அதில் வாசித்திருக்க வேண்டியதெல்லாம் போய்விட்டதே?’ ஆமாம், போய்விட்டது. அதை மழுப்பக் கூடாது. மங்க்கோடு வாசித்த அந்த 22 வயதுப் பையன் 30 வயதில் ஒழுங்கான ஜாஸ் குழு வைத்திருந்தால் எப்படி வாசித்திருப்பான் என்று உலகத்துக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. அது ரசிகர்களுக்கு நிஜமான நட்டம். ஆனால் வாய்ப்புச் செலவு என்பது எப்போதும் கற்பனையில் போடுகிற கணக்கு. வராத இசைத்தட்டுகளை எல்லாம் மாஸ்டர்பீஸ் என்று வைத்துக்கொண்டு கூட்டுகிறோம். ‘மோஷி’யோ நிஜம். கேட்கக் கிடைக்கிறது.

ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கலாம். 1959ல் மங்க்கோடு பதிவு செய்த அந்த சினிமா இசை அப்போது இசைத்தட்டாக வெளிவரவில்லை. ஒலிநாடாக்கள் பாரிஸில் ஒருவருடைய பழைய சேகரிப்பில் தூங்கின. கண்டெடுத்து முதன்முதலாக வெளியிட்டது 2017ல். பதிவாகி 58 வருடம் கழித்து, பார்னி இறந்து 21 வருடம் கழித்து. அவருடைய உச்சகட்ட வருடம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற 1959ன் சரக்கே கரை சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் ‘ஜாஸ் சூர் சென்’. பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு ‘மோஷி’. பிடிக்காமல் போனால் பரவாயில்லை, ஒரு பக்கமாவது கேளுங்கள். அதற்கப்புறம் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு ‘நீலச் சுரம்’. மூன்றாவதைக் கேட்கும்போது நடுவில் இருந்த பதினைந்து வருடத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.